பாலத்தின் அதிர்வைக் கம்பியில்லா உணரிகளால் கண்காணிப்பது எப்படி

லாரி ஒன்று கடந்து போன பிறகும் பாலம் சில விநாடிகள் தனக்கே உரிய வேகத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும். விநாடிக்கு எத்தனை முறை அது மேலும் கீழும் போகிறது என்பதே அதன் இயல் அதிர்வெண்; அதன் அலகு ஹெர்ட்ஸ். இதைத் தீர்மானிப்பவை பாலத்தின் விறைப்பும் நிறையும் ஆதலால், விறைப்பு குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும் என்ற ஒற்றை வரியின் மேல்தான் அதிர்வுக் கண்காணிப்பு முழுவதும் நிற்கிறது. ஆனால் அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாலம் முழுவதன் விறைப்பும் 10 சதவீதம் குறைந்தால்கூட அதிர்வெண் ஏறக்குறைய 5 சதவீதமே இறங்கும். ஓரிடத்தில் விழும் விரிசல் மொத்த விறைப்பில் ஏற்படுத்தும் குறைவு இதைவிட மிகச் சிறியது. 1993இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், இடிக்கப்படவிருந்த ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தின் எஃகு உத்தரத்தைப் படிப்படியாக வேண்டுமென்றே அறுத்து அளந்து பார்த்தார்கள். முதல் சில வெட்டுகளில் அதிர்வெண் சொல்லும்படியாக மாறவில்லை. உத்தரத்தின் அடிப்பட்டையே அறுபட்ட கடைசிக் கட்டத்தில்தான் தெளிவான இறக்கம் தெரிந்தது. உணரிகளை வாங்கப் பட்டியல் போடுமுன் இந்த முடிவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

அதிர்வு எல்லாக் குறைகளையும் காட்டிக்கொடுக்காது. உத்தரத்தைத் தூணின் மேல் ஏந்தி நிற்கும் தாங்கிகள் துருவேறி இறுகிவிட்டனவா, தொங்கு கம்பிகளின் இழுவிசை மாறியிருக்கிறதா, நடைபாலத்தில் மக்கள் நடக்கும்போது ஆட்டம் எல்லை மீறுகிறதா, புதிதாக அனுமதிக்கப்பட்ட கனரக வண்டிகளால் பாலத்தின் அதிர்வு கூடியிருக்கிறதா என்பவை அதிர்வால் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். லண்டனின் மில்லெனியம் நடைபாலம் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறந்த அன்றே பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இரண்டு நாளில் மூடப்பட்டு, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்திய பின்பே 2002இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே பிரச்சினையும் அதிர்வு, அளவும் அதிர்வு. மாறாக, கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க இழுத்துக் கட்டி அதற்குள் புதைத்த முன்தகைவுக் கம்பிகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக அறுவதை இயல் அதிர்வெண் மிகக் குறைவாகவே உணரும். அதற்குக் கம்பி அறும் ஓசையைப் பிடிக்கும் ஒலி உணரிகளே ஏற்றவை. ஆகவே பாலத்தின் வரைபடத்தையும் கடைசி ஆய்வு அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த உறுப்பில் எந்தக் குறையைத் தேடுகிறோம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியாத நிலையில் உணரி வைப்பது பணவிரயம் என்பது என் கருத்து.

அடுத்த கேள்வி, கம்பியில்லா முறை தேவையா என்பது. ஒரே கண் (இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதி) கொண்ட 20 மீட்டர் பாலத்தில் நான்கு உணரி போதுமென்றால் கேபிள் இழுப்பதே எளிது. நேர ஒத்திசைவும் மின்கலமும் தொல்லை தராது. பாலம் நீளும்போதும், கேபிளை ஏற்றி இறக்கும் கூலி உணரியின் விலையைத் தாண்டும்போதும்தான் கம்பியில்லா வலையமைப்பு பொருளுள்ளதாகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1280 மீட்டர் நீளமுள்ள அதன் நடுக் கண்ணிலும் கோபுரத்திலுமாகப் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2006இல் 64 கணுக்களை, அதாவது உணரியும் ரேடியோவும் மின்கலமும் சேர்ந்த பெட்டிகளை, பொருத்தியது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இன்றும் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பணியைத்தான்.

உணரியைத் தேர்ந்தெடுத்தல்

அதிர்வை அளக்கும் உணரியான முடுக்கமானியின் விலைப்பட்டியலில் எல்லோர் கண்ணும் எத்தனை பிட் என்பதில் விழும். பார்க்க வேண்டியது இரைச்சல் அடர்த்தி, அதாவது அதிர்வே இல்லாதபோதும் கருவி தானே காட்டும் பொய் அசைவின் அளவு. சாதாரணப் போக்குவரத்தில் ஒரு கான்கிரீட் பாலத்தின் அதிர்வு பல நேரங்களில் புவியீர்ப்பு முடுக்கத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லி-ஜி அளவுக்கும் கீழே இருக்கும். மாணவர் திட்டங்களில் எங்கும் காணப்படும் எம்பியு-6050 சில்லின் இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 400 மைக்ரோ-ஜி. 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் கணக்கிட்டால் அது சுமார் 2.8 மில்லி-ஜி ஆகிறது. அளக்க வந்த அதிர்வு இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். ஏடிஎக்ஸ்எல்-355 போன்ற சில்லில் அதே அளவு 25 மைக்ரோ-ஜி அருகில் இருப்பதால் மொத்த இரைச்சல் 0.2 மில்லி-ஜிக்குள் அடங்கும். விலை பல மடங்கு கூடுதல்தான். இதில் மிச்சம் பிடிக்க வழியில்லை. கோல்டன் கேட் குழு ஒவ்வொரு பலகையிலும் இரண்டு வகை முடுக்கமானிகளை வைத்தது: அன்றாட மெல்லிய அதிர்வுக்கு நுண்ணியது ஒன்று, நிலநடுக்கம் போன்ற பெரிய அசைவுக்கு அகன்ற வீச்சுடையது ஒன்று.

மாதிரி எடுக்கும் வேகத்தைத் தீர்மானிக்கப் பாலத்தின் அதிர்வெண்ணை முன்கூட்டியே தோராயமாக அறிய வேண்டும். சாலைப் பாலங்களுக்கு 100ஐக் கண்ணின் மீட்டர் நீளத்தால் வகுத்தால், பாலத்துக்கு உள்ள பல இயல் அதிர்வெண்களில் மிகத் தாழ்ந்ததான முதல் அதிர்வெண் ஏறத்தாழக் கிடைக்கும். 25 மீட்டர் கண்ணுக்கு 4 ஹெர்ட்ஸ். கோல்டன் கேட் போன்ற தொங்கு பாலங்கள் இந்தக் கணக்குக்குள் வராது; அதன் முதல் செங்குத்து அதிர்வு 0.1 ஹெர்ட்ஸ் அளவில், பத்து விநாடிக்கு ஒருமுறைதான் நிகழ்கிறது. நடுத்தரப் பாலங்களுக்கு 20 ஹெர்ட்ஸ் வரை உள்ள அதிர்வுகள் போதும் என்று கொண்டால், விநாடிக்கு 100 மாதிரி எடுத்து, 40 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை மாதிரியெடுக்கும் முன்பே வடிகட்டிவிட வேண்டும். வடிகட்டாவிட்டால் 97 ஹெர்ட்ஸில் நடுங்கும் ஒரு கைப்பிடிக் கம்பி, தரவில் 3 ஹெர்ட்ஸ் அதிர்வாகத் தோன்றி உங்களை ஏமாற்றும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது.

எங்கே வைப்பது, எப்படிப் பொருத்துவது

இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட கண்ணின் முதல் அதிர்வு நடுவில்தான் உச்சம் பெறும். இரண்டாவது அதிர்விலோ நடுப்புள்ளி அசையாமல் நிற்கும். கால் பங்கிலும் முக்கால் பங்கிலும்தான் உச்சம். எனவே நடுவில் மட்டும் உணரி வைத்தவருக்கு இரண்டாவது அதிர்வு இருப்பதே தெரியாது. கால், அரை, முக்கால் ஆகிய மூன்று இடங்களிலும், முறுக்கு அதிர்வைப் பிரித்தறிய ஒவ்வோர் இடத்திலும் இடது ஓரம், வலது ஓரம் என இரண்டாகவும் வைத்தால் ஒரு கண்ணுக்கு ஆறு கணுக்கள் ஆகின்றன. தாங்கியின் நிலையைத் தேடுகிறவர்கள் தாங்கிக்கு அருகிலும் ஒரு கணு வைக்க வேண்டும். பாலத்தின் எல்லாக் கண்களும் ஒரே மாதிரியாக இருந்தால் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து நன்றாக அளப்பது, பத்துக் கண்களிலும் ஒவ்வோர் உணரியை வைப்பதைவிடப் பயன் தரும்.

எஃகு உத்தரமானால் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வலுவான காந்தத்தாலோ போல்ட்டாலோ பொருத்தலாம். பணி முடிந்ததும் சுரண்டிய இடத்துக்கு மறுபடி பெயிண்ட் பூசுவது உங்கள் பொறுப்பு. கான்கிரீட்டானால் பரப்பைத் தேய்த்து, எபாக்சியால் ஓர் உலோகத் தகட்டை ஒட்டி, அதன் மேல் பெட்டியைத் திருகாணியால் இறுக்குங்கள். இருபுறமும் ஒட்டும் பஞ்சு டேப் ஒருபோதும் வேண்டாம். அது தானே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும். கைப்பிடியிலும் விளக்குக் கம்பத்திலும் வைக்கக் கூடாது. பெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால்தான் ஆன்டெனா உள்ளே இருந்தும் அலை வெளியே போகும். நீர் புகாத பெட்டியை முற்றிலும் அடைத்துவிட்டால் இரவில் குளிரும்போது உள்ளே ஈரம் பூக்கும் என்பதால், காற்று மட்டும் போய்வரும் சவ்வு பொருத்திய பெட்டியே சிறந்தது.

அனுமதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: பாலத்துக்குச் சொந்தமான துறையின் எழுத்து அனுமதி, போக்குவரத்து நிறுத்த நேரம், உடல் முழுவதும் கட்டும் பாதுகாப்புப் பட்டை, கீழே ஒரு காவலாள். இந்த நான்கும் இல்லாமல் யாரும் பாலத்தின் அடியில் இறங்கக் கூடாது.

எல்லாக் கணுக்களுக்கும் ஒரே நேரம்

கம்பியில்லா முறையில் மெய்யான சிரமம் இங்கேதான் இருக்கிறது. ஒரு புள்ளி மேலே போகும்போது மற்றொரு புள்ளி மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைக் கொண்டுதான் அதிர்வு வடிவத்தை வரைகிறோம். அதற்கு இரண்டு கணுக்களின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். கடிகாரத்தை ஓட்டும் மலிவான படிகத்தின் பிழை பத்து லட்சத்துக்கு 20 பங்கு என்று அதன் விவரத்தாளில் இருக்கும். கேட்பதற்கு அற்பமான அந்தப் பிழை ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடியாகச் சேர்கிறது. 5 ஹெர்ட்ஸ் அதிர்வில் அது 130 டிகிரி கட்ட வேறுபாடு (ஒரு முழுச் சுழற்சி 360 டிகிரி). ஒன்றாக ஏறி இறங்கும் இரண்டு புள்ளிகள் எதிரெதிராக ஆடுவதுபோல் தரவில் தெரியும். போதாததற்கு, 32 கிலோஹெர்ட்ஸ் கடிகாரப் படிகங்கள் 25 டிகிரி வெப்பத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. வெயில் விழும் பெட்டிக்குள் 55 டிகிரி ஏறினால் மேலும் பத்து லட்சத்துக்கு 30 பங்கு பின்தங்கும். வெயிலில் இருக்கும் கணுவும் உத்தரத்தின் நிழலில் இருக்கும் கணுவும் ஆளுக்கொரு நேரம் காட்டுவது இதனால்தான்.

இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட வழி, வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவாக்கப்பட்ட வெள்ளப்பரவல் நேர ஒத்திசைவு முறை. தலைமைக் கணு தன் நேரத்தைச் செய்தியில் எழுதி அனுப்பும். அந்த நேரம் மென்பொருளின் மேலடுக்கில் எழுதப்படாமல், ரேடியோ அலையாக வெளியேறும் தருணத்தில் முத்திரையிடப்படும். பெறும் கணு அத்தகைய சில முத்திரைகளைத் தன் நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு நேர்கோடு பொருத்தி, தான் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதோடு எந்த வீதத்தில் விலகிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் கணித்துக்கொண்டு, அடுத்த கணுவுக்குச் செய்தியைக் கடத்தும். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போகும் ஒரு தாவலுக்குச் சராசரியாக ஒரு மைக்ரோ விநாடி அளவிலேயே பிழை நின்றது. 5 ஹெர்ட்ஸில் ஒரு டிகிரித் துல்லியத்துக்கு அரை மில்லி விநாடியே போதும் என்பதால் இது தேவைக்கு மேற்பட்ட துல்லியம்தான். வானம் தெரியும் இடத்தில் உள்ள கணுக்களுக்கு ஜிபிஎஸ் துடிப்பையும் பயன்படுத்தலாம். பாலத்தின் அடியில் அது எட்டாது.

கடிகாரம் ஒத்துப்போனாலும் வேலை முடிவதில்லை. முடுக்கமானிச் சில்லுக்குள் தனி அலைவி ஒன்று ஓடுவதால், 100 என்று நாம் கேட்டாலும் ஒன்று 99.6 மாதிரியும் மற்றொன்று 100.5 மாதிரியும் தரக்கூடும். ஆகவே வெளிக் கடிகாரத்தை ஏற்கும் சில்லைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் நேர முத்திரையும் வரிசை எண்ணும் இட்டு, பிறகு எல்லாவற்றையும் பொதுவான நேரப் புள்ளிகளுக்கு மறுமாதிரி எடுங்கள். தென் கொரியாவின் ஜிண்டோ பாலத்தில் 2009இல் 70 கணுக்களைப் பொருத்திய பன்னாட்டுக் குழுவின் மென்பொருளும் இந்த மறுமாதிரி வழியையே பின்பற்றியது.

பாலத்துக்குப் போகும் முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. எல்லாக் கணுக்களையும் ஒரே மேசையில் அருகருகே இறுக்கிப் பொருத்தி, மேசையை அவ்வப்போது தட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். முதல் கணுவோடு ஒவ்வொரு கணுவின் குறுக்கு நிறமாலையை, அதாவது இரண்டு பதிவுகளையும் அதிர்வெண் வாரியாக ஒப்பிடும் கணக்கை, போட்டுக் கட்ட வேறுபாட்டை அதிர்வெண்ணுக்கு எதிரே வரைந்தால், ஒத்திசைவு சரியாக இருக்கும் கணுவுக்குச் சுழியில் கிடக்கும் கோடு வரும். சாய்ந்த கோடு வந்தால் அந்தச் சாய்வே நேரப் பிழையின் அளவு. இந்தச் சோதனையை ஒரு பெட்டியை வெயிலிலும் மற்றவற்றை நிழலிலும் வைத்து மறுபடி செய்யுங்கள்.

தரவை அனுப்புதல்

மூன்று அச்சு, விநாடிக்கு 100 மாதிரி, மாதிரிக்கு 3 பைட் என்றால் பத்து நிமிடப் பதிவு ஒரு கணுவுக்கு 5,40,000 பைட் ஆகிறது. கோல்டன் கேட் பாலத்தில் செய்தி 46 கணுக்களைத் தாண்டி வர வேண்டியிருந்தது. கடைசித் தாவலிலிருந்து கிடைத்த வேகம் விநாடிக்கு 441 பைட். அந்த வேகத்தில் மேற்சொன்ன பதிவை ஒரு கணுவிலிருந்து எடுக்க 20 நிமிடமும், இருபது கணுக்களிலிருந்து எடுக்க ஏறக்குறைய ஏழு மணி நேரமும் ஆகும். எனவே அளக்கும்போதே அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அளப்பதை முதலில் கணுவின் நினைவகத்தில் சேமித்து, பதிவு முடிந்தபின் நிதானமாக, விடுபட்ட தொகுதிகளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் முறையில் அனுப்புவதே பாதுகாப்பு. நடுவில் ஒரு தொகுதி காணாமல் போனதைக் கவனிக்காமல் மீதியை ஒட்டினால், அதற்குப் பின்வரும் தரவு முழுவதும் நேரத்தில் நகர்ந்துவிடும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை எஃகு உத்தரங்களுக்கு இடையே சிதறும். திசை ஆன்டெனாக்களைப் பாலத்தின் நீளவாக்கில் திருப்பி வைத்தால் தாவல்களைக் குறைக்கலாம். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறையான லோரா பல கிலோமீட்டர் எட்டும் என்பதாலும், இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்பதாலும் பலர் அதை நாடுகிறார்கள். ஆனால் அதன் வேகம் நொடிக்குச் சில ஆயிரம் பிட் மட்டுமே. கணுவே அதிர்வெண்ணைக் கணக்கிட்டு முடிவை மட்டும் அனுப்புவதாக இருந்தால் லோரா பொருந்தும். மூலத்தரவு வேண்டுமென்றால் பொருந்தாது. முதல் ஓர் ஆண்டுக்கு மூலத்தரவு கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வேன்.

மின்கலமும் விழிப்பு நேரமும்

விழித்திருக்கும்போது 40 மில்லி ஆம்பியரும் உறங்கும்போது 50 மைக்ரோ ஆம்பியரும் இழுக்கும் கணு, நாளைக்கு நான்கு முறை பத்துப் பத்து நிமிடம் விழித்தால் 28 மில்லி ஆம்பியர்-மணி செலவாகும்; 19 ஆம்பியர்-மணி லித்தியம் கலத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே பயன்படுமென்று கொண்டால் ஒன்றரை ஆண்டு ஓடும். தொடர்ந்து விழித்திருந்தால் மூன்று வாரம் தாண்டாது. சூரியப் பலகை தளத்தின் ஓரத்தில் உதவும், அடியில் உதவாது.

எப்போது விழிப்பது என்பதை ரயில் பாலங்களில் அழகாகத் தீர்த்தது, கான்பூர் ஐஐடியில் கமேஸ்வரி செப்ரோலு, பாஸ்கரன் ராமன் ஆகியோரின் குழு உருவாக்கி 2008இல் வெளியிட்ட பிரிமான் அமைப்பு. ரயிலிலேயே ஓர் ஒலிபரப்பி இருக்கும். பாலத்துக்கு முன்னே வைத்த கணு அதைக் கேட்டு மற்றக் கணுக்களை எழுப்பும். ரயில் கடக்கும்போதும் கடந்த பிறகும் உள்ள அதிர்வு பதிவாகும். சேர்ந்த தரவை அடுத்து வரும் ரயில் எடுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக அதிர்வதால் அவர்கள் கண்ணுக்கு ஒரு சிறு வலையமைப்பாகப் பிரித்து, வெவ்வேறு அலைவரிசையில் இயக்கினார்கள். நீண்ட தாவல் சங்கிலியே இல்லாமல் போயிற்று. சாலைப் பாலத்துக்கும் இந்தப் பிரிப்பு அப்படியே பொருந்தும்.

பதிவைப் படித்தல்

போக்குவரத்தும் காற்றும் தரும் ஒழுங்கற்ற அதிர்வையே ஆதாரமாகக் கொள்வதால், பதிவின் நீளம் முதல் அதிர்வின் ஆயிரம் முதல் இரண்டாயிரம் சுழற்சி வரை இருக்க வேண்டும். 4 ஹெர்ட்ஸ் பாலத்துக்கு எட்டு நிமிடம் போதும்; 0.1 ஹெர்ட்ஸ் தொங்கு பாலத்துக்கு மூன்று முதல் ஐந்தரை மணி நேரம் தேவை. சராசரியையும் மெதுவான நகர்வையும் நீக்கிவிட்டு, பதிவைத் துண்டுகளாக்கிச் சராசரி எடுக்கும் வெல்ச் முறையில் நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற வரைபடம்) வரைந்து உச்சங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பைத்தான் மொழியின் சைபை நூலகத்தில் இது ஒரே வரி. 0.01 ஹெர்ட்ஸ் நுணுக்கம் வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டும் 100 விநாடிக்குக் குறையக் கூடாது. நெருக்கமான உச்சங்களைப் பிரிக்க அதிர்வெண் களப் பிரிப்பு முறையையும், தானியங்கிக் கண்காணிப்புக்கு உள்வெளி அடையாள முறையையும் பயன்படுத்தலாம். ஓர் உச்சம் பாலத்தின் அதிர்வா, அருகில் ஓடும் ஜெனரேட்டரா என்ற ஐயம் வந்தால், எல்லாக் கணுக்களிலிருந்தும் அதன் வடிவத்தை வரைந்து பாருங்கள். பாலத்தின் அதிர்வுக்கு மட்டுமே தாங்கிகளில் அடங்கி அவற்றுக்கு இடையே எழும் ஒழுங்கான வடிவம் இருக்கும். அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று சொல்லும் தணிப்பு விகிதத்தை எச்சரிக்கைக்கு அடிப்படையாக வைக்க வேண்டாம். அது நாளுக்கு நாள் தாறுமாறாக மாறும்.

இனி வெப்பநிலை. நியூ மெக்சிகோவின் அலமோசா கேன்யன் பாலத்தில் 24 மணி நேரத்துக்குள் முதல் அதிர்வெண் சுமார் 5 சதவீதம் மாறியது. பாலத்துக்கு எந்தச் சேதமும் இல்லை, வெயில் மட்டுமே ஏறி இறங்கியது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கணக்கின்படி, மொத்த விறைப்பில் பத்தில் ஒரு பங்கு போனால் வரவேண்டிய மாற்றம் அது. சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலத்தை 1997-98இல் இடிப்பதற்கு முன் ஏறக்குறைய ஓராண்டு அளந்தபோது, உறைநிலைக்குக் கீழே தார்த்தளம் கெட்டிப்பட்டு அதிர்வெண் திடீரென உயர்வது தெரிந்தது. வெப்பத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் இடையே ஒன்றல்ல, இரண்டு நேர்கோடுகள் வேண்டியிருந்தன. நம் ஊர்களில் உறைபனி இல்லை. ஆனால் சுட்டெரிக்கும் தார் உண்டு, தளம் மேலே சூடாகவும் உத்தரம் கீழே குளிராகவும் இருக்கும் பிற்பகல்கள் உண்டு. ஆதலால் காற்றின் வெப்பநிலையை மட்டும் அளந்தால் போதாது. தளத்திலும் உத்தரத்திலுமாகக் குறைந்தது இரண்டு இடங்களில் பொருளின் வெப்பநிலையை, ஒவ்வோர் அதிர்வுப் பதிவோடும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

கோடை, மழை, பனி என்று ஒரு முழு ஆண்டு கடந்த பிறகு அதிர்வெண்ணை வெப்பநிலைகளோடு பொருத்தி ஓர் உறவை உருவாக்கி, அளந்ததற்கும் அந்த உறவு சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நாள்தோறும் வரையுங்கள். எச்சரிக்கை எல்லையை அந்த வித்தியாசத்தின் திட்டவிலக்கத்தைப் போல் மூன்று மடங்கில் வைத்து, ஒரே பதிவு தாண்டியதும் மணி அடிக்காமல், தொடர்ந்து பல பதிவுகள் ஒரே பக்கம் தாண்டினால் மட்டும் அடிக்கும்படி செய்யுங்கள். புதிய தார் அடுக்கு போட்ட நாள், தாங்கி மாற்றிய நாள், உணரி மாற்றிய நாள் எல்லாவற்றையும் அதே வரைபடத்தில் குறித்துவையுங்கள். தார் அடுக்கு நிறையைக் கூட்டி அதிர்வெண்ணை இறக்கும், அது சேதமல்ல. எல்லை மீறல் வந்தால் முதலில் அந்தக் கணுவின் மின்கல அழுத்தத்தையும் நேர ஒத்திசைவையும் பக்கத்துக் கணுக்களையும் பாருங்கள். அவை சரியாக இருந்து, பக்கத்துக் கணுக்களும் அதே இறக்கத்தைக் காட்டினால், எந்தக் கண், எந்த அதிர்வு, எந்த நாளிலிருந்து என்று எழுதி, அந்தக் கண்ணின் உத்தரத்தையும் தாங்கிகளையும் நேரில் பார்க்கும்படி ஆய்வுப் பொறியாளருக்கு அன்றே அனுப்புங்கள்.